ரெண்டு நிமிஷம் ஓடட்டும்

பத்தரைக்கு வருகிறேன் என்ற இன்சூரன்ஸ்காரர் பதினொன்றாகியும் வரவில்லை, நான் உரிக்கிற மொச்சை முறத்தில் பாதிக்கு வந்துவிட்டது, இவருக்கு அந்த வண்டியைத் துடைத்து இன்னும் ஆசை அடங்கவில்லை. போர்டிகோ படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். முப்பத்தைந்து வருஷமாக என் வீட்டுக்காரராக இருக்கிற ஈஸ்வரமூர்த்தி, பீளமேட்டில் பம்புசெட் பட்டறை வைத்திருப்பவர், அறுபத்திரண்டு வயது, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு ஜப்பான் காருக்கு முதுகு தேய்த்துக்கொண்டிருக்கிறார். எனக்கு ஒரு தீபாவளிக்குக்கூடத் தேய்த்ததில்லை. அந்த வண்டிக்கு எழுத்தும் எண்ணுமாக நீளமாக ஒரு பெயர் உண்டு, நான் அதைச் சொல்வதில்லை, ஜப்பான்காரி என்பேன். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், மகளைக் கட்டிக்கொடுத்த கையோடு, இனி எனக்கென்று ஒன்று வாங்கிக்கொள்கிறேன் மணி என்றார். மோதிரம் கீதிரம் என்று நினைத்துத் தலையாட்டினேன். வந்து நின்றது இது. குங்குமச் சிவப்பு, முதுகில் ஒரு பலகை, தரையோடு தரையாக வயிறு. கண்ணை மூடித் திறப்பதற்குள் நூறைத் தொடும். அப்படித் தொட நம் ஊரில் சாலை எங்கே இருக்கிறது என்று கேட்டேன், ஞாயிற்றுக்கிழமை விடியக்காலையில் இருக்கிறது என்றார். அவள் குடிக்கிற பெட்ரோல் ஊரில் ஒரே ஒரு பங்க்கில்தான் கிடைக்கும், அவள் எண்ணெய் டப்பா கப்பலில் வரும், பிரேக் கட்டை தேய்ந்தால் ஜப்பானிலிருந்து வந்து சேர ஆறு வாரம், அந்த ஆறு வாரமும் இவர் முகத்தில் எண்ணெய் இருக்காது. மாமியார் வீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளையைக் கூட இப்படிக் கவனிக்க மாட்டார்கள். வருஷா வருஷம் இன்சூரன்ஸ் புதுப்பிக்கும்போது மட்டும் வருத்தப்படுவார். தேய்மானம் என்று சொல்லி அவள் மதிப்பைக் குறைத்துக் குறைத்து எழுதுகிறார்களாம். நானும் வருஷா வருஷம் தேய்கிறேனே, எனக்கு யார் எழுதுவது என்றேன் ஒரு தடவை. உன்னை இன்சூர் பண்ண எவன் ஒத்துக்குவான், ஒரு நாளைக்கு நாலு ஆக்சிடெண்ட் பண்றவ நீ என்றார். வாயைத் திறந்தால் முத்து உதிரும். ஆனால் திறக்கத்தான் மாட்டார்.

வீட்டுக்குள் வாயே திறக்காத மனிதர் இவர். சாப்பாடு எப்படி என்றால் ம், பட்டறையில் என்ன விசேஷம் என்றால் ம். அந்த வண்டியில்தான் பேசுவார், அதுவும் ஓடும்போது இல்லை, ஓடி நின்ற பிறகு. டர்போ என்று ஒரு சின்னச் சக்கரம் அதன் வயிற்றுக்குள் இருக்கிறதாம், கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுற்றிச் சுற்றிப் பழுக்கக் காய்ந்து கிடக்குமாம், ஓடி வந்த சூட்டோடு டக்கென்று அணைத்துவிட்டால் உள்ளே எண்ணெய் கருகி அதன் ஆயுள் போய்விடுமாம். அதனால் வீட்டுக்கு வந்து நிறுத்தின பிறகும் ரெண்டு நிமிஷம் சும்மா ஓடட்டும் என்று விட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார். நானும் உட்கார்ந்திருப்பேன், வேறென்ன செய்ய, இறங்கிப் போனால் கோபித்துக்கொள்வாரோ என்று முதலில், பிறகு எனக்கே அது பிடித்துப்போய். அந்த ரெண்டு நிமிஷத்தில்தான் எல்லாம் சொல்லியிருக்கிறார். பட்டறையின் ஒரு ஷெட்டை மூடப்போவதை அதில்தான் சொன்னார். அவர் அம்மா போன பிறகு ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவர், பதினாறு நாள் காரியம் முடிந்து திரும்பி வந்து, வண்டி உறுமிக்கொண்டிருக்க, அம்மாவ ஒரு தடவை கூட இதுல ஏத்தல மணி என்று அழுதார். நான் இடது பக்க சீட்டில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன், கியர்மேல் இருந்த கை. சிரிக்கவும் அதில்தான் சிரித்திருக்கிறோம். வேகத்தடை வந்தால் அவள் வயிறு உரசும், கொஞ்சம் பாரம் குறைந்தால் தப்பும் என்று என்னை இறங்கச் சொல்வார். பட்டுச்சேலையும் தலை நிறையப் பூவுமாக நான் நடுரோட்டில் இறங்கி வேகத்தடையை நடந்து தாண்ட, இவர் கோணலாக ஏற்றி இறக்கி எனக்காக அந்தப் பக்கம் காத்திருப்பார். பஸ்ஸில் போகிறவர்கள் சண்டை போட்டு இறக்கிவிட்டான் போல என்று பரிதாபமாகப் பார்ப்பார்கள். சத்தியமங்கலம் போய் வருவதற்குள் பதினாலு தடவை இறங்கியிருக்கிறேன். உன்ற எடைக்குத்தான் மணி ஸ்பிரிங் மாத்தணும் என்பார் ரெண்டு நிமிஷத்தில். அப்போதெல்லாம் என் பக்கம் திரும்பிப் பேசுவார். இந்த ஒரு வருஷமாகத்தான் திரும்புவதில்லை. திரும்பினால் கண்ணை மட்டும் திருப்பாமல் கழுத்து, தோள் எல்லாவற்றையும் சேர்த்துத் திருப்புகிறார். என் மேல் ஏதோ கோபம் என்று நினைத்துக் கொஞ்ச நாள் நானும் முறுக்கிக்கொண்டு திரிந்தேன். எத்தனை பெரிய முட்டாள் நான்.

திருப்பூர்க் கல்யாணத்தில்தான் பிடிபட்டது. பந்தியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறோம். ஏன் மணி, ஊறுகாயே வெக்கல, பெரிய எடத்துக் கல்யாணம்னு பேரு என்கிறார். இலையைப் பார்த்தேன். உப்பும் ஊறுகாயும் எங்கே வைப்பார்களோ அங்கே, இடது ஓரத்தில், மாங்காய் ஊறுகாய் எண்ணெய் கசிந்துகொண்டு இருக்கிறது.  என் விரலால் அதை இலையின் வலது பக்கம் தள்ளினேன், அட, இருக்குதே என்றார்.  மறுநாளிலிருந்து வீட்டில் அவர் தட்டில் ஊறுகாயை வலது பக்கம் வைக்க ஆரம்பித்தேன், தண்ணீர்ச் செம்பை வலது பக்கம், மாத்திரை டப்பாவை வலது பக்கம், ஸ்டூலை இடது பக்கத்திலிருந்து எடுத்து உள்ளே போட்டேன். பார்க்கிறவர்கள் வாஸ்து பார்த்திருக்கிறாள் என்று நினைத்திருப்பார்கள். அதற்கடுத்த வாரம் துவைக்கப் போட்ட சட்டைப் பையில் கை விட்டால் கண் ஆஸ்பத்திரிச் சீட்டு. அதிலிருந்த தேதி, பேரிங் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போன நாள். கண்ணில் பிரஷர் ஏறி நரம்பைத் தின்றிருக்கிறது, போனது போனதுதான், சொட்டு மருந்து போட்டால் மிச்சத்தைக் காப்பாற்றலாம். ரெண்டு வட்டம் போட்ட படம் ஒன்று, இடது வட்டம் முக்கால்வாசி மையை ஊற்றினாற்போல் கறுப்பு, வலது வட்டத்திலும் இடது ஓரம் கறுப்பு. கீழே டாக்டரின் கையெழுத்தில் வண்டி ஓட்டுவதைத் தவிர்க்கவும். சட்டையைத் துவைத்துத் தேய்த்து அந்தச் சீட்டை அதே மடிப்போடு அதே பையில் வைத்தேன். எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியக்கூடாது, அவராகச் சொல்லட்டும், அந்த ரெண்டு நிமிஷத்தில் ஒரு நாள் சொல்லிவிடுவார் என்று இருந்தேன். சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஐந்தரைக்குக் கார் ஷெட் ஷட்டரைத் தூக்குகிற சத்தம் கேட்கும், அவள் உறுமுவாள், நான் வாசலில் நிற்பேன், கூட வர்றேனுங்க என்றால் பல்லு விளக்கிட்டு வா என்பார், போவோம். வலது பக்கம் எல்லாம் சரியாகத்தான் ஓட்டுவார், லாரி வந்தால் அழகாக ஒதுங்குவார். ஆனால் நம் ஊரில் மனுசர்கள் நடப்பது இடது பக்கம். பால் கேன் சைக்கிளில் போவது இடது பக்கம். கோலம் போடக் குனிந்திருப்பவள், டியூஷன் பையோடு ஓரமாகப் போகிற பிள்ளைகள், எல்லாம் இடது பக்கம், என் பக்கம். அந்த இருட்டுக்குள்ளேதான் நானும் உட்கார்ந்திருக்கிறேன். ஏனுங்க சைக்கிள், ஏனுங்க ஒரு ஆயா என்று வேடிக்கை காட்டுகிற சாக்கில் சொல்லிக்கொண்டு, காலால் என் பக்கத்தில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டு. வீடு வந்து சேர்ந்தால் டர்போ ஆறும், நான் ஆற மாட்டேன்.

மொச்சையில் ஒரு புழு. எறிந்தேன். இவர் இப்போது வண்டியின் முன்பக்கம் வந்துவிட்டார், இன்னும் கொஞ்சம் நகர்ந்தால் இடது மட்கார்டு. என் கை நின்றுவிட்டது. எனக்குக் காய்ச்சல் அடித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூன்று வாரம் முன்னால், தனியாகப் போய்விட்டு வந்தார். உள்ளே நுழையும்போது கேட் தூணில் ஒரு உரசல். சத்தம் எனக்குப் படுக்கையில் கேட்டது, அவளுடைய உறுமலில் இவருக்குக் கேட்கவில்லை போல. வண்டியை நிறுத்தினார், ரெண்டு நிமிஷம் ஓடவிட்டார், தனியாக யாரிடம் பேசினாரோ தெரியாது, இறங்கிக் குளிக்கப் போய்விட்டார். எழுந்து வந்து பார்க்கிறேன், இடது மட்கார்டில் ஒரு சாண் நீளத்துக்குக் கோடு, தூணில் சிவப்பு. தூண்தானே, தூணோடு போயிற்றே என்று தூணைத் தொட்டுக் கும்பிட்டேன். தேங்காய் நார் போட்டுத் தூணைத் தேய்த்தேன். பீரோவில் மகள் போன தடவை வந்தபோது விட்டுப்போன நகப்பாலீஷ் நாலைந்து கிடந்ததில் ஒன்று அதே குங்குமச் சிவப்பு. இவர் குளித்துவிட்டு வருவதற்குள், காய்ச்சல் உடம்போடு, தரையில் உட்கார்ந்து, கல்யாணப் பெண்ணுக்குப் போடுகிற மாதிரி அந்தக் கோட்டுக்குப் பாலீஷ் போட்டேன். நாலு அடி தள்ளி நின்றால் தெரியாது. கோடு தெரிந்தால் இவர் உடைந்துபோவார், தெரியாவிட்டால் அடுத்த ஞாயிறும் போவார். அப்போதுதான் என் போனில் அந்த மெசேஜ் வந்தது. எதற்கும் என் நம்பரைத்தான் கொடுப்பார், அவருக்கு மெசேஜ் என்றாலே ஆகாது. உங்கள் வாகனக் காப்பீடு இன்னும் பன்னிரண்டு நாளில் முடிகிறது. பார்த்துக்கொண்டே இருந்தேன். இன்சூரன்ஸ் இல்லாமல் இவர் வண்டியைக் கேட் தாண்ட விட மாட்டார், பட்டறை வேனுக்கு ஒரு நாள் தவறியதற்காக அன்று முழுவதும் லோடு அனுப்பாதவர். அழித்தேன். மறுபடி வந்தது, மறுபடி அழித்தேன். நடுவில் வந்த ஞாயிற்றுக்கிழமைக்கு எனக்கு நெஞ்சு வலி வந்தது, பொய் வலி, டாக்டரிடம் கூட்டிப்போய் நாள் கழிந்தது. பாலிசி தீர்ந்தது. பெரிய சாமர்த்தியக்காரி என்று நினைத்துக்கொண்டேன். மறுநாளே, மாசப் பிறப்பன்று, ஃபைலைப் புரட்டியவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு மறந்து போச்சு மணி, பன்னெண்டு வருசத்துல மொதல் தடவை, எப்படி மறந்தேன்னே தெரியல என்றார். அந்த முகம். கண் போனது போதாதென்று புத்தியும் போகிறது என்று அவரை நம்பவைத்துவிட்டேன். சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது, காப்பி வேணுங்களா என்றுதான் வெளியே வந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

பாலிசி ஒரு நாள் விட்டுப்போனாலும் ஆள் வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்துப் படம் எடுத்தால்தான் திரும்பப் போடுவார்களாம். இவரே போன் செய்து வரச் சொன்னார். இன்று அவர் வந்து சரி என்று எழுதிவிட்டால் நாளை மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சரியில்லை என்று எழுதினால் நல்லது, ஆனால் எதைப் பார்த்து எழுதுவார், என் நகப்பாலீஷைப் பார்த்து எழுதுவார், இவருக்கு முன்னால் விரலை வைத்து இது என்ன என்று கேட்பார். அதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும். மறந்தது நீங்கள் இல்லை, அழித்தது நான் என்று. சொன்னால் எதற்கு அழித்தாய் என்பார். எதற்கென்று சொன்னால் கண்ணில் வந்து நிற்கும். உங்களுக்குக் கண் தெரியவில்லை என்று முப்பத்தைந்து வருஷம் கூட இருந்தவள் எப்படிச் சொல்வாள், எந்த வாயால். இப்போது இடது மட்கார்டைத் துடைக்கிறார். துணி போகிறது, வருகிறது. அந்த இடத்தில் துணி கொஞ்சம் மெதுவாகப் போகிறதோ, இல்லை எனக்குத்தான் அப்படித் தெரிகிறதோ. ஏனுங்க என்றேன். ம் என்றார். மொச்சைக் கொழம்பா, பொரியலா? கொழம்பு என்றார். கோழை நான். வாசலில் ஸ்கூட்டர் சத்தம்.

வந்தவர் பெயர் ஜோதிலிங்கமாம், ஐம்பதை நெருங்கிய மனிதர், தொப்பையும் தோளில் பையுமாக. ஏனுங் சார், லேட்டாயிருச்சுங், காந்திபுரத்துல ஒரே டிராஃபிக்குங் என்றவர் வண்டியைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கிட்டே வந்தார். அதற்கே இவருக்கு அவரைப் பிடித்துவிட்டது. பேனட்டைத் திறந்து நம்பர்களைப் படம் எடுத்தார், முன்கண்ணாடியையும் படம் எடுத்தார், டயரைத் தட்டினார், இது என்ன ஏழெட்டு வருசம் இருக்குங்களா என்றார், பன்னெண்டு என்றார் இவர் மகளின் மார்க்கைச் சொல்வது மாதிரி. வலது பக்கம் முடிந்தது. பின்பக்கம் முடிந்தது. நான் முறத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். இடது பக்கம் வந்தார், குனிந்தார், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், நகத்தால் மெல்லச் சுரண்டினார்.

"ஏனுங் சார், இது பெயிண்டு இல்லீங்களே. நெயில் பாலீஷ் மாதிரி இருக்குதுங்."

 நான்தானுங்க என்று எழுந்தேன், மொச்சை மடியிலிருந்து சிதறி ஓடியது. அதற்குள் இவர் துணியை நாலாக மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, நிதானமாக, எனக்குக் கேட்கும்படி சொன்னார்.

"கேட்டுத் தூணுல நாந்தானுங்க உரசிட்டேன். இடது பக்கம் எனக்குக் கண்ணு தெரியறதில்ல. எழுதிக்குங்க."

ஜோதிலிங்கம் பேனாவைத் திறந்தவர் எழுதாமல் நின்றார். இவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.  "பழைய கீறல்னு போட்டுக்கறனுங். அதுக்கு மட்டும் கிளெய்ம் வராதுங். அப்பறம்... கேக்கறேன்னு தப்பா நெனைக்காதீங்க சார், வண்டிய இனி யாருங்க ஓட்டறது? ஸ்டார்ட் பண்ணி வெயிலுக்குக் கொண்டுவந்து காமிச்சீங்கன்னா வீடியோ எடுத்துட்டு நான் கெளம்பிருவனுங்."

இவர் வேட்டி மடிப்பிலிருந்து சாவியை எடுத்தார். பன்னிரண்டு வருஷத்தில் அந்தச் சாவி என் கைக்கு வந்ததில்லை. பீரோச் சாவி, பட்டறைச் சாவி, லாக்கர்ச் சாவி எல்லாம் என் இடுப்பில் கிடக்கிறது, இது மட்டும் இல்லை. கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

"மணி, நீ எடு."

எனக்கு லைசென்ஸ் இருக்கிறது, சந்தைக்குச் சின்ன வண்டியை ஓட்டிக்கொண்டு போகிறவள்தான். ஆனால் இவளை? விளையாடறீங்களா என்றேன். எடு என்றார். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சீட்டு என்னை இடுக்கிப் பிடித்தது, கால் எட்டவில்லை, இவர் குனிந்து ஏதோ இழுத்து என்னை முன்னால் தள்ளினார். பிறகு சுற்றிக்கொண்டு போனார், வண்டியின்மேல் ஒரு கையை வைத்துத் தடவிக்கொண்டே. இடது கதவைத் திறந்து என் சீட்டில் உட்கார்ந்தார். சாவியைத் திருப்பினேன். முதுகெலும்பில் ஏறியது அந்த உறுமல், இத்தனை வருஷம் பக்கத்திலிருந்து கேட்டதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. கிளட்ச் கல்லு மாதிரி. மொதல்ல பாதி, அப்பறம் மெதுவா, ஃப்ரீயா விடு என்றார். ஒரு தடவை குதித்து அணைந்தது. ஜோதிலிங்கம் ரெண்டு அடி பின்னால் போனார். பரவால்ல, அவளும் பொம்பளதான், மெரட்டாம எடு என்றார் இவர். ரெண்டாம் தடவை நகர்ந்தாள். போர்டிகோ நிழல் தாண்டி, செம்பருத்தியைத் தாண்டி, கேட்டுக்கு முன்னால் வெயிலில் நிறுத்தினேன். இருபது அடி இருக்கும். உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. ஜோதிலிங்கம் சுற்றி வந்து வீடியோ எடுத்துவிட்டு, ஓகேங் மேடம், சாயங்காலத்துக்குள்ள பாலிசி போனுக்கு வந்துருங், ஆஃப் பண்ணிக்கலாமுங் என்று கும்பிட்டுவிட்டு ஸ்கூட்டரை எடுத்தார். சாவிக்குக் கையைக் கொண்டுபோனேன்.

"ரெண்டு நிமிஷம் ஓடட்டும்."

"இருபது அடி வந்ததுக்கு ரெண்டு நிமிஷமா? டர்போ என்ன காய்ஞ்சா போச்சு?"

"அதுக்கில்ல" என்றார்.

ஓடட்டும் என்று விட்டேன். ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே, முன்னால் கேட் தூணைப் பார்த்தபடியே, வந்துவிட்டது. "நீங்க மறக்கலைங்க. மெசேஜ் வந்துச்சு. நாந்தான் அழிச்சேன்."

"தெரியும். எல்லாம் உன்ற போனுக்குத்தான வரும்." தோளில் கிடந்த துணியை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். "பாலீஷு மூணு வாரமாத் தெரியும். கண்ணு ஏமாறும், துணி ஏமாறுமா? அங்க கொஞ்சம் மேடா இருந்துச்சு. நல்லாத்தான் பூசியிருந்தே."

"எனக்குத் தெரியும்னு..."

"ஊறுகாய் வலது பக்கம் வந்தன்னிக்கே தெரியும் மணி."

"அப்பறம் எதுக்குங்க வாயத் தொறக்கல? எதுக்கு மறந்துட்டேன்னு சொல்லி என்னை இந்தப் பாடு படுத்தினீங்க?"

"நீ எனக்காக இத்தனை திருட்டுத்தனம் பண்ணிட்டிருக்கறப்ப, கையும் களவுமாப் புடிக்கச் சொல்றியா?" சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "உரசின அன்னிக்கு இங்கயே உக்காந்திருந்தேன். தூணுக்குப் பதிலா யாராச்சும் நின்னிருந்தான்னு. சாவியக் கொண்டுவந்து உங்கிட்டக் குடுத்திருக்கணும். மனசு வரல. பாலிசி தீரட்டும்னு நானும்தான் சும்மா இருந்தேன்."

"பின்ன எதுக்கு இப்ப ஆள வரச் சொன்னீங்க?"

"நீ ஓட்டறதா இருந்தா இன்சூரன்ஸ் வேண்டாமா? நாலு ஆக்சிடெண்ட் பண்றவ."

அடிக்கத்தான் திரும்பினேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்தைத் திருப்பாமல், தோளைத் திருப்பாமல், சும்மா சாய்ந்து உட்கார்ந்து, கண்ணை மட்டும் இந்தப் பக்கம் போட்டு, பழைய மாதிரி. எத்தனை நாளாயிற்று இப்படிப் பார்த்து. என்னங்க என்றேன்.

"இந்தப் பக்கம் உக்காந்தா நீ நல்லாத் தெரியறே" என்றார். "அங்க இருந்தப்ப ஒரு வருசமா உன்ற குரல் மட்டுந்தான் கூட வந்துச்சு."

 காதோரத்துல இத்தனை நரை எப்ப வந்துச்சு என்று கேட்டார், கையை நீட்டி, குறி தவறாமல், சரியாக அந்த இடத்தைத் தொட்டார். ரெண்டு நிமிஷம் எப்போதோ ஆகியிருக்கும். நான் சாவியைத் திருப்பவில்லை.